எடைமேடையில் ஒரு ஸ்டடி: சதுரங்க இறுதியாட்டப் புதிரைத் தீர்க்கும் வழி

மலேசியாவில், சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து மோட்டாரில் கால் மணி நேரம் போனால் ஒரு செம்பனை ஆலை வரும். அங்கே பத்தொன்பது வருடமாக எடைமேடைக் கிராணியாக இருக்கிறேன். பழக்குலை ஏற்றிய லோரி உள்ளே வரும்போது ஒரு எடை, கொட்டிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது இன்னோர் எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால்தான் பழம் எவ்வளவு என்று தெரியும். காலை பத்து மணிவரை லோரி அதிகம் வராது. வெட்டிய குலையை ரோட்டோரம் சேர்த்து ஏற்றவே நேரமாகிவிடும். அந்த நேரத்தில் மேசை இழுப்பறையிலிருந்து என் காந்தப் பலகையை எடுப்பேன். பக்கத்தில் ஒரு 555 புத்தகம். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே சின்னப் புத்தகம்தான். என்னுடையதில் கடன் கணக்கு இருக்காது, உருப்படாமல் போன நகர்வுகள் இருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் தங்கை வீட்டில் அவள் மகளோடு, அதாவது என் மருமகளோடு, உட்காருவேன். மூன்றாம் படிவம் படிக்கிறாள், பள்ளிப் போட்டிகளில் ஆடுகிறாள். "மாமா, எஞ்சினைக் கேட்டா ஒரு நொடியில சொல்லிடுதே, நாம ஏன் மண்டையை உடைச்சுக்கணும்?" என்று ஒரு நாள் கேட்டாள். எஞ்சின் என்று அவள் சொல்வது சதுரங்கம் ஆடும் கணினி நிரலை. நல்ல கேள்வி. அன்றைக்கு அவளுக்குச் சொல்ல ஆரம்பித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்டடி என்று சதுரங்கக்காரர்கள் சொல்வது, ஒருவர் உட்கார்ந்து காரணத்தோடு காய் வைத்துக் கட்டிய இறுதியாட்ட நிலை. "மூன்று நகர்வில் மேட்" மாதிரிப் புதிரில் எத்தனை நகர்வு என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். ஸ்டடியில் அந்தத் துணை கிடையாது. "வெள்ளை ஆடி வெல்லும்" அல்லது "வெள்ளை ஆடி டிரா செய்யும்", இவ்வளவுதான் எழுதியிருக்கும். ஐந்து நகர்வில் முடியலாம், இருபதிலும் முடியலாம். கறுப்பு தன்னால் முடிந்த மிக நல்ல தடுப்பை ஆடும். வெள்ளைக்கு வழி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டாவது வழி இருந்தால் அந்த ஸ்டடி உடைந்தது என்று பொருள்; அப்படி உடைக்கும் வழியைக் குக் என்பார்கள்.

இந்த விதிகளைத் தெரிந்து வைத்துக்கொள்வதே பாதி உதவி. "டிரா செய்யும்" என்று போட்டிருந்தால், பார்த்தவுடன் வெள்ளை தோற்பது போலத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நீங்கள் நிலையைச் சரியாகப் படிக்கவில்லை. "வெல்லும்" என்றிருந்தால், எளிதாக வெல்லவிடாமல் கறுப்பிடம் ஏதோ ஒரு தந்திரம் இருக்கிறது. முதலில் தேட வேண்டியது அந்தத் தந்திரத்தைத்தான். விடையை அப்புறம் தேடலாம்.

(கட்டங்களை ஏ முதல் எச் வரை, 1 முதல் 8 வரை வழக்கம்போல எழுதுகிறேன். நான் கோட்டை என்பதை உங்கள் வீட்டில் யானை என்று சொல்லலாம்.)

முதல் வேலை: காய்களைச் சரிபாருங்கள்

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும்போது ஒரு வார இதழில் வந்த படத்தைப் பார்த்துப் பலகையில் வைத்தேன். வெள்ளை ராஜா எச்8, வெள்ளைச் சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, கறுப்புச் சிப்பாய் எச்4. வெள்ளை ஆடி டிரா செய்ய வேண்டுமாம். அப்போது அப்பா இன்னும் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். லயத்து வாசலில் உட்கார்ந்து மூன்று வாரம் அதை உருட்டினேன். ராஜாவை எங்கே கொண்டுபோனாலும் கறுப்புச் சிப்பாய் மூன்றே நகர்வில் எச்3, எச்2, எச்1 என்று இறங்கி ராணியாகிவிடும். சி6 சிப்பாயை முன்னே தள்ளினால் கறுப்பு ராஜா பி7-க்கு வந்து பிடித்துவிடும். கடைசியில் புத்தகத்தில் "டிரா கிடையாது" என்று எழுதி, ஏன் கிடையாது என்று ஒவ்வொரு வழிக்கும் கீழே காரணமும் எழுதினேன்.

சில மாதம் கழித்து ஈப்போவில் ஒரு கடையில் சதுரங்கப் புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது அதே நிலை வந்தது. கறுப்புச் சிப்பாய் எச்4-இல் இல்லை, எச்5-இல் நின்றது. இதழில் படம் தவறாக அச்சாகியிருந்தது. நான் எழுதிய "டிரா கிடையாது" அந்தத் தவறான படத்துக்குச் சரியான விடைதான். அதைவிட எனக்கு வியப்பாக இருந்தது இன்னொன்று: சரியான படத்தைப் பார்த்ததும் பத்து நிமிடத்தில் விடை வந்துவிட்டது. எது எது ஏன் தோற்கிறது என்று மூன்று வாரமாக எழுதி வைத்திருந்தேன் அல்லவா, அந்தக் காரணங்களில் எது இப்போது பொருந்தாது என்று மட்டும் பார்த்தேன்.

அதிலிருந்து இரண்டு பழக்கம் வந்தது. ஸ்டடியோடு "2 காய்க்கு 2 காய்" என்று எண்ணிக்கை கொடுத்திருந்தால் எண்ணிப் பார்ப்பேன், முடிந்தால் இன்னோர் இடத்திலும் படத்தை ஒப்பிடுவேன். அப்புறம், தோற்கும் நகர்வையும் அது தோற்கும் காரணத்தையும் எழுதாமல் அடுத்த நகர்வுக்குப் போக மாட்டேன்.

அந்த நிலையையே கிட்டத்தில் பார்ப்போம்

1921-இல் ரிச்சர்ட் ரெட்டி என்ற சதுரங்க வீரர் கட்டியது. சதுரங்கம் படிக்கிற எல்லாரும் என்றாவது ஒரு நாள் சந்திக்கும் நிலை. பலகையில் வையுங்கள்: வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6, கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை ஆடி டிரா.

முதலில் நான் கேட்பது: வெள்ளைக்கு என்ன ஆசை? இரண்டு ஆசை. கறுப்புச் சிப்பாயைப் பிடிக்க வேண்டும், அல்லது தன் சிப்பாய்க்குத் துணை போய் அதையும் ராணியாக்க வேண்டும்.

ஒவ்வொன்றையும் தனியாக முயன்று பார்ப்போம். சிப்பாயைத் துரத்தினால்: ராஜா எச்7, சிப்பாய் எச்4, ராஜா ஜி6, சிப்பாய் எச்3. எட்டவே முடியாது, இரண்டு அடி பின்தங்கிவிட்டார். தன் சிப்பாய்க்குத் துணை போனால்: ராஜா ஜி8, சிப்பாய் எச்4, ராஜா எஃப்7. இங்கே கறுப்பு அவசரப்பட்டு எச்3 ஆடினால் வெள்ளை தப்பித்துவிடும். ஆனால் கறுப்பு பொறுமையாக ராஜாவை பி6-க்குக் கொண்டுவரும். வெள்ளை இ6 போனால் கறுப்பு சி6 சிப்பாயைச் சாப்பிடும். இப்போது வெள்ளை ராஜா திரும்பி எஃப்5, ஜி4 என்று ஓடினாலும் எச்2-க்கு வந்துவிட்ட சிப்பாயைப் பிடிக்க முடியாது. தோல்வி.

இங்கே நின்று எழுதுங்கள். "துரத்தினால் இரண்டு அடி குறைவு. துணைக்குப் போனால், கறுப்பு சிப்பாயைச் சாப்பிட்டபின் திரும்பி வர ஒரு வரிசை குறைவு." இந்த இரண்டாவது வரியில்தான் விடை இருக்கிறது. இ6-இல் நிற்காமல் ஒரு வரிசை கீழே, இ5-இல் நின்றிருந்தால் திரும்பிப் பிடித்திருக்கலாமே! அப்படியென்றால் துணைக்குப் போகும் வழியிலேயே கீழேயும் இறங்க வேண்டும். பக்கவாட்டாகவும் கீழ்நோக்கியும் ஒரே அடியில் போக ராஜாவுக்குத் தெரியும்: மூலைவிட்டம். எச்8-இலிருந்து எச்5-க்கு நேராக இறங்கினாலும் மூன்று அடி, இ5-க்குச் சாய்வாக இறங்கினாலும் மூன்று அடி. தரையில் நடக்கும் நமக்குச் சாய்வு நீளம். பலகையில் ராஜாவுக்கு அப்படி இல்லை.

இதை மருமகளுக்குச் சொன்னபோது அப்பா மரம் வெட்டிய கோடு ஞாபகம் வந்தது. பட்டையில் உளி நேர் கிடையாகப் போகாது, நேர் கீழாகவும் போகாது, சாய்வாக இறங்கும். அப்போதுதான் பட்டையையும் சுற்றி வெட்டலாம், பாலும் தானாக மங்குக்கு ஓடிவரும். ஒரே கோட்டில் இரண்டு வேலை.

ஆக விடை: ராஜா ஜி7! கறுப்பு எச்4. ராஜா எஃப்6. இப்போது கறுப்பு எச்3 என்றால் ராஜா இ7, எச்2, சிப்பாய் சி7, ராஜா பி7, ராஜா டி7. இரண்டு பேரும் ராணியாகிறார்கள், டிரா. அதைத் தடுக்கக் கறுப்பு எச்3-க்குப் பதிலாக ராஜாவைப் பி6-க்குக் கொண்டுவந்தால், வெள்ளை ராஜா இ5! இந்தக் கட்டத்தில் நின்று கொஞ்ச நேரம் பாருங்கள். கறுப்பு சி6 சிப்பாயைச் சாப்பிட்டால் வெள்ளை ராஜா எஃப்4, அடுத்து ஜி3, சிப்பாய் கையில். சாப்பிடாமல் எச்3 தள்ளினால் வெள்ளை ராஜா டி6, தன் சிப்பாயோடு சேர்ந்துவிட்டார். எச்2, சி7, இனி அதைத் தடுக்க ஆளில்லை. இ5-இல் நிற்கும் ராஜா இரண்டு பக்கத்துக்கும் ஒரே தூரத்தில் இருக்கிறார். எதைச் செய்யப்போகிறார் என்று கறுப்புதான் முடிவு செய்ய வேண்டும், எப்படி முடிவு செய்தாலும் நட்டம்.

எழுதும் முறை

நான் எழுதுவது நான்கு வரிதான். கறுப்புக்கு ஒரு நகர்வு இனாமாகக் கொடுத்தால் என்ன செய்யும்? வெள்ளைக்கு முதலில் கைபோகும் நகர்வு எது? அது எந்த ஒரே நகர்வால் உடைகிறது? உடையாமல் இருக்க எந்தக் காய் எங்கே நின்றிருக்க வேண்டும்? கடைசி வரிக்கு வந்தால் பெரும்பாலும் விடை தெரியும். முதல் மூன்றை அவசரமாகத் தாண்டினால் கடைசி வரி எழுத வராது.

முதல் இருபது நிமிடம் காயைத் தொடாமல் பார்ப்பேன். அப்புறம் தொட்டு நகர்த்துவேன். இரண்டுமே வேண்டும். மனதில் மட்டும் பார்த்தால் பழக்கமான நகர்வுகளைத் தாண்டி மனம் போகாது. காயை நகர்த்திக்கொண்டே இருந்தால் கை ஓடும், கண் பார்க்காது. லோரி வந்துவிட்டால் எந்த வரியில் நின்றேனோ அதை எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

விடை கிடைத்ததும் கறுப்புப் பக்கம் உட்காருங்கள். எதிரே நாற்காலி இருந்தால் நிஜமாகவே போய் உட்காருங்கள். பலகை வேறு மாதிரித் தெரியும். நிறைய பேர் இதைத்தான் விடுகிறார்கள். அழகான நகர்வு ஒன்று கிடைத்தவுடன் கறுப்புக்கு மட்டமான பதிலைக் கொடுத்துவிட்டு "தீர்த்துட்டேன்" என்கிறார்கள். லோரியின் முதல் எடையை மட்டும் பார்த்துச் சீட்டு எழுதுவது மாதிரி அது. உலகச் சதுரங்கப் புதிர் தீர்க்கும் போட்டி 1977 முதல் நடக்கிறது, அதில் ஸ்டடிக்கென்றே ஒரு சுற்று உண்டு. அங்கேயும் முதல் நகர்வை மட்டும் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்காது, முக்கியமான வரிசையை எழுதிக் காட்ட வேண்டும்.

கறுப்பு கடைசியில் என்ன தந்திரம் செய்யும்? எளிய நிலைகளில் திரும்பத் திரும்ப வருவது ஸ்டேல்மேட்: ராஜாவுக்கு செக் இல்லை, ஆனால் ஆட ஒரு நகர்வும் இல்லை, அப்போது ஆட்டம் டிரா. கறுப்பு ராஜா மூலையில் நின்று, அதற்கு நகர இடமில்லாமல், ஒரே ஒரு காயை வெட்டுக்குக் கொடுக்கும். வெள்ளை சாப்பிட்டதும் டிரா. "வெள்ளை வெல்லும்" என்ற ஸ்டடியில் கறுப்பு ராஜாவை மூலையில் பார்த்தாலே என் கை புத்தகத்தில் "ஸ்டேல்மேட்?" என்று எழுதிவிடும்.

பாதிரியார் கண்டுபிடித்த கோட்டை

வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ1, கோட்டை டி5. வெள்ளை ஆடி வெல்ல வேண்டும்.

இந்த நிலைக்கு ஒரு கதை உண்டு. 1895-இல் கிளாஸ்கோ நகரப் பத்திரிகை ஒன்றில் சதுரங்கப் பகுதி எழுதிய பார்பியே என்பவர், முன்பு நடந்த ஓர் ஆட்டத்தை வைத்து, கறுப்பு எப்படி டிரா செய்யும் என்று இதைப் போட்டார். அந்த ஊரில் இருந்த ஸ்பானியப் பாதிரியார் ஃபெர்னாண்டோ சாவேட்ரா, "இல்லை, வெள்ளை வெல்லும்" என்று காட்டினார். சதுரங்க உலகில் அவர் பெயர் நிற்பது அந்த ஒரே நகர்வால்தான்.

சிப்பாய் சி7. கோட்டைக்கு அதை நிறுத்த வழியில்லை, செக் வைத்தாக வேண்டும்: கோட்டை டி6 செக். இப்போது வெள்ளை ராஜா எங்கே போவார்? மருமகள் உடனே "சி5, கோட்டையைத் தாக்கலாம் மாமா" என்றாள். சரி, கறுப்பு கோட்டை டி1. நீ ராணியாக்கு. கோட்டை சி1 செக்! ராஜா விலகினால் பின்னால் நிற்கும் ராணி போச்சு. "அப்ப பி7?" கோட்டை டி7, சிப்பாய் கட்டுண்டு நிற்கிறது, அடுத்து கோட்டை அதைச் சாப்பிட்டுவிடும். "ஏ கோட்டுக்குப் போனா?" கோட்டை சி6-க்கு வந்து சிப்பாயைப் பிடிக்கும்.

இவ்வளவும் எழுதிய பிறகு என்ன தெரிகிறது? சி கோட்டில் ராஜா நிற்கக் கூடாது, டி1-இலிருந்து பின்பக்க செக் வரும். ஆனால் சி கோட்டில் கோட்டை வந்து உட்காரும் கட்டத்தை ராஜா காவல் காக்கவும் வேண்டும். இரண்டுக்கும் பொருந்துவது பி கோடு ஒன்றுதான். ராஜா பி5, கோட்டை டி5 செக். ராஜா பி4, கோட்டை டி4 செக். ராஜா பி3; கோட்டை டி3 செக். படி இறங்குவது மாதிரி இறங்குகிறார். இப்போதுதான் ராஜா சி2! சி கோட்டில் காலை வைத்துவிட்டார், ஆனால் டி1 இப்போது அவர் கண்காணிப்பில் இருக்கிறது. கோட்டை அங்கே போக முடியாது.

டிரா என்று பார்பியே சொன்னதற்குக் காரணமான கறுப்பின் தந்திரம் இங்கேதான் வருகிறது: கோட்டை டி4! வெள்ளை ராணியாக்கினால் கோட்டை சி4 செக், ராணி அதைச் சாப்பிட வேண்டும், சாப்பிட்டதும் ஏ1 ராஜாவுக்கு இடமில்லை. ஏ2-ஐ ராணி பார்க்கிறது, பி1, பி2 இரண்டையும் வெள்ளை ராஜா பார்க்கிறார். ஸ்டேல்மேட்.

மருமகள் வெகுநேரம் பேசவில்லை. "ராணியாக்கினா டிரா. ஆக்கலைன்னா சிப்பாய் போயிடும்" என்றாள். அதை எழுதச் சொன்னேன். எழுதினாள். பேனாவை வைத்துவிட்டு மெதுவாக, "ராணி ஆக்கணும்னு யாரு சொன்னா?" என்றாள். அந்த நிமிடத்துக்காகத்தான் சனிக்கிழமை சாயங்காலம் நான் அங்கே போகிறேன்.

சி8-இல் கோட்டை! சி4-க்கு வந்தால் கோட்டை சாப்பிடும். ஏ2 திறந்தே இருப்பதால் ஸ்டேல்மேட் இல்லை. ஏ8-இல் மேட் வருகிறது, அதைத் தடுக்கக் கறுப்புக்குக் கோட்டை ஏ4 ஒன்றுதான் வழி. அதற்கு ராஜா பி3! ஒரே நகர்வில் ஏ4 கோட்டையும் தாக்கப்படுகிறது, சி1-இல் மேட்டும் வருகிறது. கறுப்பால் இரண்டையும் காப்பாற்ற முடியாது.

தீர்த்த பிறகு அலசுவது

தீர்த்ததோடு மூடி வைத்தால் பாதிதான் சாப்பிட்டீர்கள். அலச நான் கையாளும் முதல் வழி: ஒரு காயை ஒரு கட்டம் தள்ளி வைத்து மறுபடி தீர்ப்பது. சாவேட்ரா நிலையில் கறுப்பு ராஜாவை ஏ1-இலிருந்து ஏ2-க்கு மாற்றினோம். கடைசியில் பி3-க்கு இறங்க முடியாது, ராஜாக்கள் ஒட்டி நிற்கக் கூடாது. பரவாயில்லை, டி4 செக்குக்கு ராஜா சி3, கோட்டை டி1, ராஜா சி2. கோட்டை மறுபடி டி4. இப்போது ராணியாக்கலாம்! சி4-இல் கோட்டை வந்தால் ராணி சாப்பிடுவது செக்கோடு, ஸ்டேல்மேட்டே இல்லை. அப்படியென்றால் கறுப்பு ராஜா ஏ1-இல் நிற்பதற்குத்தான் கோட்டையாக்கும் அந்த அழகு. ஒரு காய் ஏன் அங்கே நிற்கிறது என்று இப்படித்தான் புரியும்.

இந்த அலசலில் மருமகள் இன்னொன்றும் கேட்டாள்: "அப்ப கறுப்பு ராஜா ஏ1-லயே இருந்தாலும், பி3-க்குப் பதிலா சி3 போலாமே?" போட்டுப் பார்த்தோம். ராஜா சி3, கோட்டை டி1. இங்கே ராணியாக்கினால் சி1-இல் செக், வெற்றி போச்சு. ஆனால் ராஜா சி2 என்று கோட்டையைத் தாக்கினால் அது டி4-க்குத்தான் திரும்ப வேண்டும். பழைய நிலையே வந்துவிடுகிறது. ஆக அவள் கண்டது நிஜமான இன்னொரு நகர்வு. ஸ்டடி உடைந்ததா? இல்லை. வேறு வழியில் சுற்றி அதே வாசலுக்கு வருகிறது, விடையின் உயிரான கோட்டையாக்கும் நகர்வைத் தவிர்க்க முடியவில்லை. ரெட்டியின் நிலையிலும் இப்படி ஒன்று உண்டு: கறுப்பு எச்3 ஆடும் கிளையில் ராஜா இ7-க்குப் பதில் இ6 போனாலும் டிராதான். ஓரக் கிளையில் வரும் இந்த மாதிரிச் சின்ன மாற்றத்தை மன்னிக்கலாம். முக்கியமான கருத்தையே தொடாமல் வெள்ளை வென்றுவிட்டால் அதுதான் குக்.

எஞ்சின் எப்போது?

இங்கேதான் மருமகளின் பழைய கேள்விக்கு வருகிறேன். எஞ்சினை நான் பகையாக நினைக்கவில்லை. நான்கு வரியும் எழுதி, கறுப்புப் பக்கமும் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் திறப்பேன். ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்களுக்குள் இருந்தால் எஞ்சினும் வேண்டாம், டேபிள்பேஸ் போதும். ஏழு காய் வரையிலான நிலைகளை முழுதும் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அங்கே ஒவ்வொரு நகர்வுக்கும் வெற்றி, டிரா, தோல்வி என்று தீர்ப்பு நிச்சயமாகக் கிடைக்கும். விடையின் ஒவ்வொரு படியிலும் வெற்றி தரும் வேறு வெள்ளை நகர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மேலே சொன்ன மாதிரிச் சுற்றி வருகிறதா, நிஜ மறுவழியா என்று தீர்மானிப்பது உங்கள் வேலை. டேபிள்பேஸ் அதைச் சொல்லாது. ஏன் என்ற கேள்விக்கும் அதனிடம் பதில் கிடையாது.

காய்கள் அதிகமான ஸ்டடியில் எஞ்சினை முழுதாக நம்பாதீர்கள். ஒரு பக்கம் அரண் கட்டி உட்கார்ந்துவிட்டால் மறுபக்கத்தால் உடைக்கவே முடியாது, டிராதான். எஞ்சினோ "பெரிய முன்னிலை" என்று எண் காட்டிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட நிலையில் நகர்வுகளை நீளமாக ஆடிப் பாருங்கள். எண் அசையாமல் நின்றால் அரணாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

எதிலிருந்து ஆரம்பிப்பது

நான்கைந்து காய்களுக்குள் இருக்கும் ஸ்டடிகளிலிருந்து. ராஜாவும் சிப்பாயும் மட்டும் உள்ளவை முதலில், அப்புறம் கோட்டை, கடைசியில் குதிரை. வாரத்துக்கு ஒன்று போதும். நெதர்லாந்தின் ஹெரால்ட் வான் டெர் ஹைடன் சேர்த்து வைத்திருக்கும் தொகுப்பில் மட்டும் 90,000-க்கும் மேற்பட்ட ஸ்டடிகள் இருக்கின்றன, தீர்ந்துபோகும் என்ற பயம் வேண்டாம்.

ஒரு பெயரை மட்டும் தனியாகச் சொல்கிறேன்: அலெக்ஸி ட்ராய்ட்ஸ்கி. ரஷ்யாவில் காட்டு இலாகா வேலை பார்த்தவர், 1942-இல் லெனின்கிராட் முற்றுகையின்போது இறந்தார். மரங்களுக்கு நடுவே உட்கார்ந்து ஸ்டடி கட்டியவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பாசம். இரண்டு குதிரைகளை வைத்துத் தனி ராஜாவைக் கட்டாயமாக மேட் செய்ய முடியாது. மூலைக்குத் தள்ளினால் ஸ்டேல்மேட் ஆகிவிடும். ஆனால் எதிரியிடம் ஒரு சிப்பாய் இருந்தால், ராஜா நகர முடியாத அந்த நேரத்தில் சிப்பாயை நகர்த்தியே ஆக வேண்டும், ஸ்டேல்மேட் போய்விடுகிறது, மேட் வருகிறது. சிப்பாயை எந்தக் கட்டத்தைத் தாண்டவிடாமல் நிறுத்த வேண்டும் என்று அவர் அலசி வைத்த எல்லையை இன்றும் ட்ராய்ட்ஸ்கி கோடு என்றே சொல்கிறார்கள். எதிரியின் கையில் கூடுதலாக இருப்பதே அவனைக் கவிழ்க்கும் என்ற இந்த எண்ணம் பல ஸ்டடிகளில் ஒளிந்திருக்கும். வழி தெரியாமல் நிற்கும்போது, "கறுப்பு நகராமல் இருக்க முடிந்தால் நன்றாக இருக்குமே" என்று கறுப்புக்குத் தோன்றுகிற நிலை எது என்று கேட்டுப் பாருங்கள்.

போன வாரம் மருமகள் தன் சொந்த 555 புத்தகத்தைக் கொண்டுவந்தாள். முதல் பக்கத்தில் ரெட்டியின் நிலை. அதன் கீழே ஒரு கேள்வி: ராஜா ஜி7 ஆடியதும் கறுப்பு எச்4 தள்ளாமல் உடனே ராஜாவைப் பி6-க்குக் கொண்டுவந்தால்? நான் மேலே வேண்டுமென்றே அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். வெள்ளைக்கு அங்கே டிரா தரும் நகர்வு ஒன்றே ஒன்றுதான். பலகையை எடுத்து வைத்து, தோற்கும் மற்ற நகர்வுகளுக்கெல்லாம் காரணம் எழுதிவிட்டு, அப்புறம் அதைத் தேடுங்கள்.